ஃப்ளின் ஃப்ளான் பாம்பர்ஸ்: ஒரு சுரங்க ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி

#1 பனிக்காகம்

கிரிக்கெட் இழைகளுக்கு நடுவே இது எடுபடுமா தெரியவில்லை. எடுபடாவிட்டால் மட்டுறுத்துநர்கள் "இதர விளையாட்டுகள்" பக்கம் தள்ளிவிடலாம், கோபமில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வேலை விஷயமாகக் கனடாவின் ஃப்ளின் ஃப்ளான் போக வேண்டியிருந்தது. நான் இருக்கும் வின்னிபெக்கிலிருந்து சாலை வழியே 750 கிலோமீட்டருக்கு மேல். கடைசிச் சில மணி நேரம் மரம், ஏரி, பாறை, மறுபடி மரம். மனிடோபா, சஸ்காச்சவன் என்ற இரண்டு மாகாணங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 5,000 பேர். தோண்டினால் மண் வராது, பாறைதான். அதனால் கழிவுநீர்க் குழாய்களைப் பல இடங்களில் மரப்பெட்டிக்குள் வைத்து நிலத்துக்கு மேலேயே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளின் மேல் சனம் நடைபாதை போல நடந்து போகிறது.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே சாயங்காலம் என்ன செய்வது என்று விடுதிக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்றைக்கு மேட்ச் இருக்கிறதே" என்றார். வேறு கேள்வியே இருக்க முடியாது என்கிற தொனி.

போனேன். விட்னி ஃபோரம் என்று பெயர், சுமார் 2,000 பேர் கொள்ளும் பழைய அரங்கம். அன்று இருந்த கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் வீட்டைப் பூட்டாதவர்கள் குறைவு என்று தோன்றியது. களத்தில் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள், மெரூன் சட்டை. பக்கத்தில் இருந்த பாட்டி நடுவரை நோக்கி விட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இடைவேளையில் அவரே எனக்குப் பாதிச் சரித்திரத்தைச் சொன்னார். மீதியை வீடு திரும்பியபின் தேடிப் படித்தேன்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். தங்கம், செம்பு தேடி அலைந்த டாம் கிரெய்ட்டன் குழுவினர் காட்டில் யாரோ விட்டுப்போன ஒரு மலிவு நாவலைப் படித்திருக்கிறார்கள். அதன் நாயகன் ஜோசையா ஃப்ளின்டபேட்டி ஃப்ளோனாட்டின், நீர்மூழ்கியில் அடியில்லாத ஏரிக்குள் இறங்கிப் பாதாளத் தங்க உலகத்தைக் காண்பவன். தாங்கள் கண்டுபிடித்த தாது இடத்துக்கு அவன் பெயரையே சுருக்கி வைத்துவிட்டார்கள். கதாபாத்திரத்தின் பெயரில் ஒரு நகரம்! ஊர் வாசலில் அவனுக்குச் சிலையும் உண்டு.

1927-இல் ஊரின் சுரங்கக் கம்பெனியான ஹட்சன் பே மைனிங் அண்ட் ஸ்மெல்ட்டிங் உருவானது. பாம்பர்ஸ் அணியும் அதே ஆண்டில் பிறந்தது. முதலில் பெரியவர்கள் ஆடிய அணி, பிறகு ஜூனியர். முப்பது வருடம் கழித்து, 1957-இல், இந்த அணி மெமோரியல் கோப்பையை வென்றது. கனடாவின் ஜூனியர் ஹாக்கியில் அதைவிடப் பெரிய கோப்பை கிடையாது. இறுதியில் எதிரி ஒட்டாவா கனடியன்ஸ். ஏழு ஆட்டத் தொடர், தொடக்கம் ஃப்ளின் ஃப்ளானில், மீதி ரெஜைனாவில். 4–3 என்று முடிந்தது.

இவ்வளவு சின்ன ஊர் எப்படி அதைச் செய்தது, அப்புறம் ஏன் அந்த உயரத்தில் நிலைக்கவில்லை? இதைப் பேசத்தான் இழை.

#2 மிளகாய்ப்பொடி

தலைப்பைப் பார்த்துக் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் பற்றிய இழை என்று உள்ளே வந்தேன். "பாம்பர்ஸ்" என்று தமிழில் எழுதினால் வேறென்ன நினைப்பது?

சரி, வந்தது வந்துவிட்டேன். ஜூனியர் என்றால் பள்ளிக்கூட அணியா?

#3 பனிக்காகம்

குண்டு போடுகிறவர், அந்த பாம்பர். தமிழ் எழுத்துக்கு ப-வும் ப-வும் ஒன்றுதான், நான் என்ன செய்ய.

பள்ளி அணி இல்லை. 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள் வீட்டை விட்டு வந்து, அந்த ஊரில் ஏதோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, சீசன் முழுக்க ஆடுவார்கள். மேல்தட்டு "மேஜர் ஜூனியர்", அங்கிருந்து நேரே வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லுக்குத் தேர்வாகிறவர்கள் அதிகம். அதற்கு ஒரு படி கீழே "ஜூனியர் ஏ". பாம்பர்ஸ் ஒரு காலத்தில் மேல்படியில் இருந்தது, இப்போது கீழ்ப்படியில் இருக்கிறது.

#4 எண்கணக்கன்

நல்ல இழை. ஆனால் 1957 கதையை "சின்ன ஊர் ஜெயித்தது" என்று சொல்லும்போது கொஞ்சம் தண்ணீர் கலக்க வேண்டும்.

ஒன்று, அந்தக் காலத்தில் மெமோரியல் கோப்பைக்குப் போகும் அணி வழியில் தோற்ற அணிகளிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. பாம்பர்ஸ் அப்படிச் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் பிரின்ஸ் ஆல்பர்ட்டின் ஓர்லண்ட் கர்ட்டன்பாக், பின்னாளில் என்.எச்.எல். அணியான வான்கூவர் கனக்ஸின் முதல் கேப்டன். சும்மா ஆள் இல்லை.

இரண்டு, கம்பெனி. நன்றாக ஆடும் பையன் என்றால் சுரங்கத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். மேற்குக் கனடாவின் மற்ற ஜூனியர் அணிகள் பையனுக்குப் பாக்கெட் செலவுக்குக் காசு தேடிக்கொண்டிருந்தபோது இங்கே சம்பளப் பட்டியலே தயார். விட்னி ஃபோரத்தின் பெயர்கூடக் கம்பெனியை நிறுவிய அமெரிக்கக் கோடீஸ்வரர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் விட்னியின் பெயர்தான்.

எதிரணியையும் பார்த்துவிடுவோம். ஒட்டாவா அணி மான்ட்ரியால் கனடியன்ஸின் நாற்றங்கால், நடத்தியவர் சாம் பொல்லக். அவர்களிடம் ரால்ஃப் பேக்ஸ்ட்ரம், பாபி ரூசோ என்று நாளைய நட்சத்திரங்கள். ஆக, இரவல் ஆள் வைத்திருந்தாலும் வெற்றி பெரிய வெற்றிதான். கேப்டன் டெட் ஹாம்ப்சன், கோச் பாபி கிர்க் இருவருக்கும் வணக்கம். என் ஆட்சேபம் "ஊர்" என்ற சொல்லுக்கு மட்டும். அது கம்பெனியின் அணி.

#5 கோலார்க்காரன்

எண்கணக்கன் ஐயா, கம்பெனி ஊரில் பிறக்காதவர்தான் இப்படிப் பிரித்துப் பேச முடியும்.

நான் கே.ஜி.எஃப். தாத்தா, அப்பா இருவரும் சுரங்கம். எங்கள் தெருவின் மின்சாரம், தண்ணீர், ஆஸ்பத்திரி, மைதானம், பந்து எல்லாம் கம்பெனி. அதற்காக அந்த மைதானத்தில் ஆடியது கம்பெனி என்று எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஷிஃப்ட் முடித்து மேலே வந்தவன் முகம் கழுவாமல் மைதானத்துக்கு ஓடுவான். அது அவனுடைய நேரம். 1934-இல் ஃப்ளின் ஃப்ளானிலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது என்று படித்தேன். கம்பெனியோடு மோதவும் தெரிந்த ஊர், கம்பெனி கட்டிய அரங்கத்தில் உட்கார்ந்து கத்தவும் தெரிந்த ஊர்.

2001-இல் எங்கள் சுரங்கத்தை மூடினார்கள். அணிகள் கலைந்த வேகம் எனக்குத் தெரியும். இவர்கள் எப்படி இன்னும் ஆடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம். பனிக்காகம் தம்பி, அதைச் சொல்லு.

#6 ஸ்காபரோ அண்ணை

அதற்கு முன் பாபி கிளார்க்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் டைப் 1 நீரிழிவு என்று தெரிந்தது. அவன் அப்போது இங்கே ஹவுஸ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தான். இனி ஆட விடுவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே அழுகை. அந்தச் சமயத்தில் ஹாக்கி அப்பா ஒருவர் சொன்ன பெயர்தான் கிளார்க். 1949-இல் ஃப்ளின் ஃப்ளானில் பிறந்தவர், தகப்பன் சுரங்கத் தொழிலாளி. சிறுவயதிலேயே அதே வியாதி.

1967-68 சீசனில் பாம்பர்ஸுக்காக 59 ஆட்டங்களில் 168 புள்ளிகள் (கோலும், கோலுக்குத் தள்ளிக் கொடுத்ததும் சேர்த்து) எடுத்தார். அடுத்த வருடம் 137. ஆனால் நீரிழிவுள்ளவன் என்.எச்.எல். சீசனைத் தாங்குவானா என்று கிளப்புகள் பயந்தன. கோச் பாட் ஜினல் (இவரே 1957 அணியில் ஆடியவர்) பையனை அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், உடம்பைக் கவனித்துக்கொண்டால் ஆடலாம் என்று மருத்துவர்களிடம் எழுதி வாங்கினார். அப்படியும் 1969 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், முதல் சுற்று முழுக்க எவரும் தொடவில்லை. ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ்கூட முதல் சுற்றில் வேறு ஒரு பையனை எடுத்தது. அந்தப் பையன் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. இரண்டாம் சுற்றில், 17-ஆவது ஆளாக, கிளார்க்கை எடுத்தார்கள். பிறகு 1974, 1975 இரண்டு ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். பட்டம்), மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது, 1,144 ஆட்டங்கள், 1,210 புள்ளிகள், எல்லாம் ஒரே அணிக்கு.

இடைவேளையில் ஜூஸ் குடித்துச் சர்க்கரையைச் சமாளித்த கதையை மகனுக்குச் சொல்லித்தான் மறுபடி ஸ்கேட் கட்ட வைத்தேன். இப்போது அவனுக்கு 20. பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை, கவலையில்லை.

கூடவே பாம்பர்ஸில் ஆடிய ரெஜி லீச். மனிடோபாவின் ரிவர்ட்டன் ஊர், ஒஜிப்வே இனம், வறுமையான வீடு. கிளார்க் 168 எடுத்த அதே சீசனில் லீச் 87 கோல் அடித்தார். கிளார்க் தள்ளிக் கொடுப்பார், லீச் அடிப்பார். 1970-இல் பாஸ்டன் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 1976-இல் ப்ளேஆஃப் 16 ஆட்டத்தில் 19 கோல். அணி தோற்றும் சிறந்த ஆட்டக்காரர் விருது லீச்சுக்கே போனது. குடியால் இடையில் நிறைய இழந்தார், பின்னர் அதிலிருந்து மீண்டு பழங்குடிப் பிள்ளைகளிடம் தன் கதையைச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைத்தான் கூடப் பிடிக்கும்.

#7 எண்கணக்கன்

அண்ணே, உங்கள் மகன் கதை படித்துச் சந்தோஷம். இருந்தாலும் கிளார்க்கின் இன்னொரு பக்கத்தையும் வையுங்கள்.

1972 கனடா–சோவியத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வலேரி கார்லமோவின் கணுக்காலில் மட்டையால் வேண்டுமென்றே வெட்டியவர் இவர்தான். எப்போதாவது இரண்டு கையாலும் ஓங்கிப் போடக் கற்றிராவிட்டால் ஃப்ளின் ஃப்ளானை விட்டே வெளியே வந்திருக்க மாட்டேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். பலரும் எடுத்துக்காட்டும் பேச்சு அது.

அதாவது ஜினலின் பாம்பர்ஸ் அப்படி ஆடியது. 1969-ஐ எடுங்கள். பாம்பர்ஸ் ஆடிய மேற்கு லீக் அப்போது தேசியச் சங்கத்தோடு சண்டை போட்டு வெளியேறியிருந்தது, எனவே மெமோரியல் கோப்பைக்குப் போட்டியிட முடியாது. தனியாக ஒரு "தேசியப் பட்டம்" வைத்து ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் பாரன்ஸோடு மோதினார்கள். நான்காவது ஆட்டத்தில் அடிதடி முற்றி, செயின்ட் தாமஸ் பையன்கள் களத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். பட்டம் பாம்பர்ஸுக்கு. லீக்கில் "ஃப்ளின் ஃப்ளான் காய்ச்சல்" என்றே ஒரு சொல் புழங்கியது. அந்த ஊருக்கு பஸ் கிளம்பும் நாளில் மட்டும் சில ஆட்டக்காரர்களுக்கு வரும் காய்ச்சல்!

#8 மிளகாய்ப்பொடி

திங்கட்கிழமை காலையில் எனக்கு வருவதும் அதே காய்ச்சல்தான் போலிருக்கிறது.

#9 பனிக்காகம்

எண்கணக்கன் சொன்ன வன்முறையை நான் மறுக்கவில்லை. என் பக்கத்து இருக்கைப் பாட்டியும் மறுக்க மாட்டார், பெருமையாகவே சொல்வார். ஆனால் வன்முறையால் மட்டும் ஒரு ஊர் ஆட்டக்காரர்களை விளைவிக்க முடியாது. 1969, 1970 இரண்டு வருடமும் லீக் பட்டம். 1971 டிராஃப்டில் நான்காவது ஆளாக ஜீன் கார், ஏழாவது ஆளாக சக் அர்னசன், இருவருமே பாம்பர்ஸ். அர்னசன் அந்த சீசனில் 79 கோல். 1973-இல் ப்ளேன் ஸ்டோட்டன், அவரும் ஏழாவது. ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் பத்தாயிரம்.

சரி, கோலார்க்காரன் அண்ணா கேட்டதற்கு வருகிறேன்.

1973-இல் ஜினல் விக்டோரியாவுக்குப் போய்விட்டார். ஆனால் ஒரு கோச் போனதால் மட்டும் விழுந்த அணி இல்லை இது. லீக்கே மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எஸ்டவன் ஊரின் அணி 1971-இல் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனது. ஸ்விஃப்ட் கரன்ட் அணி 1974-இல் லெத்பிரிட்ஜுக்குப் போனது. 1976-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து வந்து சேர்ந்தது. சுரங்க ஊரிலிருந்து பசிபிக் கரை வரை பஸ் விட்டு, 2,000 பேர் அரங்கத்து டிக்கெட் காசில் டீசல் போட முடியுமா? 1978-இல் லீக்கில் ஆடும் பாம்பர்ஸின் உரிமை எட்மன்டனுக்கு விற்றுப் போனது. அங்கே ஒரே சீசன். அடுத்து அமெரிக்காவின் கிரேட் ஃபால்ஸ், அடுத்து ஸ்போகேன். 1980-களின் தொடக்கத்திலேயே அந்த உரிமை செத்துவிட்டது. ஊரை விட்டுப் போனது நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை.

ஊரில் தங்கியவர்கள் அதே பெயரில், அதே மெரூனில், கீழ்ப்படியில் ஆடினார்கள். 1984-இல் சஸ்காச்சவன் ஜூனியர் லீக்கில் சேர்ந்தார்கள். அந்த லீக்கில் மனிடோபா ஊர் இது ஒன்றுதான். 1993-இல் லீக் பட்டம். அதற்குப் பிறகு பட்டம் இல்லை. இறுதித் தொடர் வரை வந்து தோற்றது உண்டு, அந்த வலியைப் பற்றிப் பாட்டி தனியாகப் பத்து நிமிடம் பேசினார்.

#10 எண்கணக்கன்

அப்படியானால் கேள்வி இது: 1978-இல் உரிமை எட்மன்டனுக்குப் போய்விட்டது. இப்போது விட்னி ஃபோரத்தில் ஆடுவது சட்டப்படி வேறொரு அணி. 1957 பதாகையைத் தொங்கவிட இவர்களுக்கு என்ன உரிமை?

#11 கோலார்க்காரன்

கோயில் தேரை ஏலத்தில் விற்றால் திருவிழாவும் அவனோடு போய்விடுமா?

#12 எண்கணக்கன்

உவமை நன்றாக இருக்கிறது, பதில் இல்லை. ஸ்விஃப்ட் கரன்டைப் பாருங்கள். 1974-இல் போன அதே உரிமையை 1986-இல் திரும்ப வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பரில் பஸ் விபத்தில் நான்கு பையன்கள் இறந்தார்கள். 1989-இல் மெமோரியல் கோப்பை. (அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த கோச் தன் ஆட்டக்காரர்களைப் பாலியல் கொடுமை செய்தவன் என்று பிறகு நிரூபணமாகிச் சிறை போனான். அந்தக் கோப்பையை நினைத்து எனக்குக் கை தட்ட வருவதில்லை.) ஆனால் தொடர்ச்சி என்று பார்த்தால் அங்கே காகிதம் இருக்கிறது. இங்கே இல்லை.

#13 ஸ்காபரோ அண்ணை

தம்பி, காகிதம் இருந்த அணி ஸ்போகேனில் செத்தது என்று பனிக்காகம் இப்போதுதானே எழுதினார். பெயர், நிறம், அரங்கம், வீட்டில் பிள்ளைகளைத் தங்க வைத்துச் சோறு போட்ட குடும்பங்கள் எல்லாம் ஊரில். காகிதம் மட்டும் வெளியூரில். பதாகையை ஸ்போகேனுக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?

#14 எண்கணக்கன்

சரி, பதாகையை விட்டுவிடுகிறேன். ஆனால் கம்பெனி அணி என்ற வாதத்தை விடவில்லை.

#15 பனிக்காகம்

அதை விடவேண்டிய நேரமும் வந்துவிட்டது. உருக்காலை 2010-இல் மூடப்பட்டது. "777" என்ற பெயருள்ள ஊரின் கடைசிச் சுரங்கம் 2022-இல் மூடப்பட்டது. 250 மீட்டர் உயரப் புகைபோக்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கம்பெனி ஸ்னோ லேக் சுரங்கத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் நான் பார்த்த ஆட்டம் சுரங்கம் மூடிய பிறகுதான் நடந்தது. அரங்கத்தில் நிற்க இடமில்லை. வாசலில் பாதிப் பரிசுச் சீட்டு விற்றவர் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. பாதிப் பணம் சீட்டு விழுந்தவருக்கு, பாதி அணிக்கு. டீசல் காசு இப்படித்தான் வருகிறது.

டீசல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த லீக்கில் தெற்குக் கோடியில் இருக்கும் எஸ்டவனுக்குப் போக 800 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டம் முடிந்து இரவோடு இரவாகத் திரும்புவார்கள். 2018 ஏப்ரல் 6-இல் ஹம்போல்ட் பிராங்கோஸ் பையன்கள் போன பஸ் இதே லீக்கின் ப்ளேஆஃப் ஆட்டத்துக்காக நிப்பாவின் போய்க்கொண்டிருந்தது. ஆர்ம்லி பக்கத்துச் சந்திப்பில் நிற்காமல் வந்த லாரியோடு மோதியதில் 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயம். நிப்பாவினுக்கு பாம்பர்ஸ் பையன்கள் வருடா வருடம் போகிறார்கள். பாட்டியிடம் அதைக் கேட்டேன். அந்த வாரம் அவர் வீட்டில் தங்கியிருந்த பையன் தூங்கவில்லை என்று மட்டும் சொன்னார், அப்புறம் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

#16 கோலார்க்காரன்

எங்கள் ஊரில் அப்படிச் சீட்டு விற்க யாரும் நிற்கவில்லை, தம்பி. எல்லாரும் காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பினோம். மைதானத்துக்கு நேரம் எங்கே? இவர்களுக்குப் பக்கத்தில் பெங்களூர் மாதிரி எதுவும் இல்லாததுதான் ஒருவேளை அணியைக் காப்பாற்றியதோ என்னவோ.

#17 எண்கணக்கன்

இந்த இழையிலேயே உருப்படியான விளக்கம் இதுதான். மெய்யாகவே சொல்கிறேன்.

#18 ஸ்காபரோ அண்ணை

2025 மே கடைசியில் காட்டுத்தீயால் ஃப்ளின் ஃப்ளான் முழுவதையும் காலி செய்தார்களே, அப்போது டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர் தப்பியது. பக்கத்து டெனேர் பீச்சில் நிறைய வீடுகள் போய்விட்டன. இடம்பெயர்வது என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள், பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பாட்டியிடமிருந்து தகவல் ஏதும் உண்டா?

#19 பனிக்காகம்

தொலைபேசி எண் வாங்காமல் வந்துவிட்டேன் அண்ணே. விடுதிக்காரரை அழைத்தேன். எல்லாரும் திரும்பிவிட்டார்கள், சீசன் டிக்கெட் விற்பனை நடக்கிறது என்றார். பாட்டியை அடையாளம் சொல்லிக் கேட்டேன். "நடுவரைத் திட்டும் பாட்டி என்றால் இங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். ப்ளேஆஃபில் பாம்பர்ஸ் ஜெயித்தால் ரசிகர்கள் களத்தில் மூஸ் மானின் காலை எறிவார்கள். உண்மையான கால், குளம்போடு.

#20 மிளகாய்ப்பொடி

ஒரு நிமிஷம். கால் எங்கிருந்து வருகிறது? அதை அரங்கத்துக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? வாசலில் பையைச் சோதிக்க மாட்டார்களா?

#21 பனிக்காகம்

வேட்டைக்காரர்கள் ஊர், வீட்டுக்கு வீடு பெரிய ஃபிரீசர். வாசலில் சோதிப்பவரின் ஃபிரீசரிலும் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்.